சிவப்பு அம்பு

ஞாயிறு விடியுமுன் ஊத்துக்குளி ரோட்டில்
சென்னிமலை பஸ் ஏறினேன்.
கம்பெனி ஆட்கள் யாருமில்லை,
பிஸ்வஜித்தைத் தவிர.
அவன் கட்டிங், நான் செக்கிங்.
நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ்;
பேசிக்கொண்டது
இந்தக் காட்டுக்கு வந்த பிறகுதான்.

மலைக்குப் பின்புறம், காப்புக்காட்டு எல்லைக்கல்லில்
வனக்காப்பாளர் அர்த்தநாரி
கடப்பாரைகளை எண்ணிக் கொடுப்பார்.
"மேலாப்புல வெட்டுனாச் சாகாதுங்க.
வேர்க்கழுத்துக்குக் கீழ ஒரே குத்து.
பொறவு தலைகீழாக் கவுத்து வெச்சிருங்க.
தண்டு மண்ணுல பட்டா மறுக்காப் புடிச்சுக்கும்."

உண்ணிச்செடி.
பூ அழகென்று எவரோ கடல்தாண்டிக் கொண்டுவந்தது.
"ஒறம்பரைன்னு வந்து ஊட்டையே வளைச்சுக்கிச்சு" என்பார்
பால் சொசைட்டி தெய்வாத்தாள் அக்கா.
சொல்லிவிட்டு பிஸ்வஜித் பக்கம் திரும்பி
"உன்னையச் சொல்லல சாமி."
போன வருஷம் அவனுக்குப் புரியவில்லை.
இந்த வருஷம் சிரிக்கிறான்.

பங்குனி.
அரப்பு தளிர்த்திருந்தது.
தலைக்குத் தேய்க்கும் பொடியாக மட்டுமே
எனக்குத் தெரிந்த அரப்பு.
அதற்கு இவ்வளவு சின்ன இலையென்று
முப்பத்தொரு வயதில் பார்க்கிறேன்.
வெப்பாலை வெள்ளையாய்ப் பூத்திருக்க
ஆள்காட்டிக் குருவி ஒன்று
நாங்கள் வந்த சேதியை மலை முழுக்கக் கத்திச் சொன்னது.

எட்டரைக்கெல்லாம் முதுகில் வெயில்.
முப்பத்தொன்பது புதர் முடிந்து
நாற்பதாவதுக்குக் கடப்பாரை ஓங்கினேன்.
முகத்துக்கு நேரே விருட்டென்று
கொண்டைக்குருவி.

விலக்கிப் பார்த்தால்
தோள் உயரத்தில் ஒரு கிண்ணம்.
நார், சருகு, நடுவே ஓர் இழை
பளீர் ஆரஞ்சு ஓவர்லாக் நூல்.
(எங்கள் கழிவு இவ்வளவு தூரமா வருகிறது?)
மூன்று முட்டை.
வெளிர் ரோஸ், மேலே செம்பழுப்புப் புள்ளிகள்.

மேசைக்கு வந்திருந்தால் தள்ளியிருப்பேன்.
சாயத் தெறிப்பு. மூன்று பீஸ். மூன்றும் ரிஜெக்ட்.

சென்னியப்பன் சார் கணக்கோடு வந்தார்.
ரிடையரான பிறகும் பேங்க் அவரை விடவில்லை.
"காய் கறுத்தா ஆயிரம் விதை.
இதே குருவிதான் தின்னுபோட்டு
மலை பூராவும் தூவும்."
அது சரி.
"வாயும் வயிறுமா இருக்கறவள
ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்றார் அக்கா.
அதுவும் சரிதான்.
அர்த்தநாரி தொப்பியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் பையில் எப்போதும் கிடக்கும்
செக்கிங் ஸ்டிக்கர், சிவப்பு அம்பு.
ஓட்டை இங்கே, அழுக்கு இங்கே,
விட்ட தையல் இங்கே என்று
பதினோரு வருஷம் நான் ஒட்டிய அம்பு.
நாலு கிளையில் நாலு ஒட்டினேன்,
கூட்டைக் காட்டாமல்
வருகிறவர்களைப் பார்த்தபடி.

பிஸ்வஜித் ஒன்றும் பேசாமல்
கூட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்
பூவையும் பச்சைக்காயையும் கிள்ளிப் பையில் போட்டான்.
சார் முணுமுணுத்தபடி அவனுக்குத் துணை போனார்.
பிறகு முணுமுணுக்கவில்லை.

பதிவேடு.
அகற்றியது முப்பத்தொன்பது, விட்டது ஒன்று.
காரணம் என்ற கட்டத்துக்குப் பேனாவை
என்னிடம் நீட்டினார் அர்த்தநாரி.
பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டுக்குச் சொல்வதுபோல்
எழுதினேன்: ஆள் இருக்கு.

திங்கள், செவ்வாய், புதன்
கையில் உண்ணியிலை வாசம் போகவில்லை.
சூப்பர்வைசர் மோந்து பார்த்து
என்ன மருந்து என்றார்.

நாலு ஞாயிறு கழித்து, சித்திரை.
அம்புகள் வெளுத்து முட்டை நிறத்துக்கு வந்திருந்தன.
கூடு காலி.
பறந்ததா, பாம்பா,
ஓட்டுத் துணுக்குகூட இல்லை சொல்ல.
கொஞ்ச நேரம் மேலே பார்த்தோம்,
அரப்பில் நிறையக் குருவிகள்,
எது எதுவென்று யாருக்குத் தெரியும்.

அர்த்தநாரி கடப்பாரையை நீட்டினார்.
வேர்க்கழுத்துக்குக் கீழே
ஒரே குத்து.
கவிழ்த்து வைத்தேன்.
ஆரஞ்சு நூல் மட்டும்
காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.